வெள்ளை தனியாக வந்தால்

சியாகொலா
ஆஸர் 9

கௌஹர் அண்ணிக்கு, ஹெஷ்மத் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

நீங்களும் நெகினும் நலம்தானே? நான் நலம். என் முழங்கால் வலியும் நலம். அது என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது.

நீங்கள் செம்னானுக்குப் போய் எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இன்று எழுதுகிறானே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கத்தான் செய்கிறது. அண்ணனின் நீல அட்டை நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? அது வேண்டும். வனவிலங்கு அலுவலகத்து ஆள் போன வாரம் வந்தார். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பாவம், அவருக்கும் நம் ஊர்ப் பழக்கம் வந்துவிட்டது. "பெருங்கொக்கு எந்தத் தேதி வந்துச்சு, எந்தத் தேதி போச்சு, எத்தனை வந்துச்சுன்னு பதினாலு வருஷமா எழுதி வச்சது யதொல்லா ஒருத்தர்தான். அந்த நோட்டு எங்கப்பா?" என்று என் காதோடு கேட்டார். காதோடுதான் கேட்டார், ஆனாலும் ஊரே திரும்பிப் பார்த்தது மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

ஆஸர் மாதம் பிறந்ததும் வாத்துகள் வந்து இறங்கிவிட்டன. முதலில் கிளுவை, பிறகு ஊசிவால், பிறகு பச்சைத்தலை. அறுத்த நெல்வயலில் தண்ணீர் கட்டியாயிற்று, வாத்து பிடிக்கிற வலைக்குட்டையைச் சுற்றி நாணல் வேலியும் கட்டியாயிற்று. ஊர்ப் பெரியவர் கர்பலாயி ஸஃபர் வழக்கம்போல பள்ளிவாசலில் எழுந்து நின்று சொல்லிவிட்டார்: வாத்து கலையாமல் இருக்க, நவ்ரூஸ் புத்தாண்டு வரைக்கும் துப்பாக்கி கிடையாது, மேளம் கிடையாது, ஹார்ன் கிடையாது, கூப்பாடு கிடையாது. கல்யாணம் பேசியவர்கள் வசந்தத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். நாய்களை மலையடிவாரத்துச் சொந்தக்காரர்களிடம் விட்டாயிற்று. ஊர் முழுக்கக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டிருக்கிறது.

கொக்கு இந்த முறை ஒன்றுதான் வந்திருக்கிறது. போன வருஷ ஜோடியில் எது வந்தது, எது வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் இருந்தால் சொல்லியிருப்பார்.

வெள்ளையனும் நலம். அண்ணன் கட்டிய சிவப்பு நூல் இன்னும் அவன் காலில்தான் இருக்கிறது. என் மற்றப் பழக்குவாத்துகளோடு சேர மாட்டேன் என்கிறான். ராஜா வீட்டு வாத்து, நாங்கள் என்ன செய்ய.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இல்லை, வழக்கமான தபாலே போதும்.

ஹெஷ்மத்


செம்னான்
ஆஸர் 24

ஹெஷ்மத்துக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு மாதம் கழித்து மைத்துனனுக்கு அண்ணியின் ஞாபகம் வந்திருக்கிறது, அதுவும் ஒரு ஜீப் வந்து நின்ற பிறகு. அந்த ஜீப்புக்கு என் நன்றியைச் சொல்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன். வேறு எதைக் கேட்டாலும் தருவேன். நாங்கள் என் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறோம். இங்கே குளிர் வறண்ட குளிர். தண்ணீர் இல்லை, நாணல் இல்லை, பறவை என்று பார்த்தால் காக்காய், சிட்டுக்குருவி, அவ்வளவுதான். மாலையில் அடியில் கணப்பு வைத்த கோர்சி மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு நானும் நெகினும் அந்த நோட்டைப் படிக்கிறோம். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து வாயால் சொன்னது கொஞ்சம், நோட்டில் எழுதியது அதிகம். நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் பேச்சு வராது. சோறு வேண்டும் என்பதையும் கையால்தான் காட்டுவார். கை முழுக்க விரித்தால் கழுகு. இரண்டு விரல் குனிந்தால் நரி. முழங்கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினால் பெருங்கொக்கு. நெகின் இன்னும் அப்படித்தான் செய்கிறாள். இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "உங்க பொண்ணுக்குப் பேச்சு வராதாம்மா? எதைக் கேட்டாலும் கையக் கையக் காட்டுறா." எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தேதிகள் வேண்டுமானால் நான் நோட்டைப் பார்த்து நகல் எடுத்து அனுப்புகிறேன், வருஷத்துக்கு ஒரு தாளாக. அதற்கு நீ இரண்டு செய்ய வேண்டும். ஒன்று, உன் அண்ணன் பார்த்த மாதிரியே அந்தக் கொக்கைப் பார்த்து எனக்கு எழுத வேண்டும். இந்த வருஷப் பக்கம் காலியாகப் போகக் கூடாது.

இரண்டாவது ஒரு கேள்வி. போன பஹ்மன் மாதம் பத்தொன்பது காலையில் அவரை நீதான் வாய்க்காலில் கண்டெடுத்தாய். பழைய வலைக்கயிறு காலில் சுற்றி, நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடியே விறைத்துப் போயிருந்தார் என்று சொன்னார்கள். உன் குடிசைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் திறந்த தண்ணீர்தான். அன்று காலை அவர் கூப்பிட்டாரா, இல்லையா?

பதில் எதுவானாலும் அது ஒருவர் தலையில் விழும். யார் தலை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கௌஹர்


சியாகொலா
தேய் 6

அண்ணிக்கு,

கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கூப்பிடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் நெஞ்சில் பட்டதும் இதயம் நின்றிருக்கும், ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இதை நினைத்து நீங்கள் மனசை அரிக்க விடாதீர்கள். சோறு தின்னுங்கள், தூங்குங்கள்.

கொக்கைப் பற்றிக் கேட்டீர்கள். தினமும் பார்க்கிறேன். காலையில் பனி தூக்கியதும் மேற்குப் பக்கம் வெள்ளையாக நிற்கும். நெல்தாள் நடுவில் மெதுவாக நடக்கும். பதினொரு மணிவாக்கில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், மறுபடி சாயங்காலம் தெரியும். முந்தாநாள் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தபோது கிளுவை எல்லாம் எழுந்து அடங்கியது, கொக்கு தலையைக்கூடத் தூக்கவில்லை. அதற்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை என்று நினைக்கிறேன். நேற்று ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வரப்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு பேர் அரை நாள் மண்வெட்டியோடு நின்றோம், ஒரு கெட்ட வார்த்தைகூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல். கர்பலாயியின் மருமகன் கையாலேயே திட்டினான் பாருங்கள், அது வார்த்தையைவிட அசிங்கமாக இருந்தது.

வெள்ளையன்தான் படுத்துகிறான். விடிந்ததும் பழக்குவாத்துகளை எல்லாம் ஒன்றாகத்தான் பறக்க விடுகிறேன். மற்றவை போய், காட்டுவாத்துகளோடு கலந்து, அவற்றைக் கூட்டிக்கொண்டு வலைப்பக்கம் வரும். அதுதானே அதுகளின் வேலை. இவன் மட்டும் அண்ணன் ஒளிந்து உட்கார்ந்து கொக்கு பார்த்த நாணல் மறைவுப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தனியாக வந்து என் காலடியில் இறங்குகிறான். தானியம் போட்டால் தின்பதில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பதினேழு நாளாக இப்படி. நேற்றிலிருந்து கூண்டில் அடைத்துவிட்டேன்.

தேதிகளை அனுப்புங்கள்.

ஹெஷ்மத்


செம்னான்
தேய் 20

ஹெஷ்மத்,

கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவரைக் கொன்றது நான்.

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து எழுதினாய் என்று தெரியும். உனக்கு முழுக்கதையும் தெரியாது. பஹ்மன் பத்தாம் தேதி நான் போட்ட சத்தம் ஊருக்கே தெரியும். நெகின் கிணற்று மேட்டில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொல்லி அலறினேன். பிள்ளை இறங்கிவிட்டாள். சதுப்பு முழுக்க எழுந்தது. வானம் கறுத்துப் போனது. இரண்டு நாள் ஒரு வாத்துகூட இறங்கவில்லை. கர்பலாயி உங்கள் இரண்டு பேரையும் மூன்று நாள் வலைப்பக்கம் வரக் கூடாது என்று நிறுத்தினார். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். அன்று அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "பிள்ள கிணத்துல விழப் போறப்போ வாத்துக்காக வாயப் பொத்திக்கணுமா?" என்று நான்தான் சண்டையைத் தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நீ கத்துனது தப்பில்ல கௌஹர். நானா இருந்தாலும் கத்திருப்பேன். ஆனா இந்தக் குளிர்காலத்துல இனிமே நம்ம வீட்டாள் வாயிலேர்ந்து சத்தம் வராதுன்னு குர்ஆன்மேல கை வச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். இல்லன்னா நம்ம பங்கையே எடுத்துடுவாங்க." ஒன்பது நாள் கழித்துச் செத்துப் போனார்.

இப்போது புரிகிறதா? கால் மாட்டியது. தண்ணீர் நெஞ்சுவரை. வாயைத் திறந்தால் நீ ஓடி வந்திருப்பாய். அவர் திறக்கவில்லை. என் ஒரு அலறலுக்காக அவர் தன் அலறலை விழுங்கிவிட்டார். ஒரு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்க வேண்டும், யாருக்கும் கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உனக்கு அந்தக் கேள்வியை எழுதினேன்.

அவரை வீட்டில் கிடத்தியபோதும் நான் அழவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் எல்லாரும் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்: "பொறுத்துக்கோம்மா, வசந்தம் வரட்டும், அப்புறம் வாய்விட்டு அழுதுக்கலாம்." வசந்தம் வந்தபோது என்னிடம் அழுகை இல்லை. அது எங்கேயோ உள்ளே இறங்கிப் போய்விட்டது. இந்த ஊரில் தெருவில் தக்காளி விற்கிறவன் கத்தினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

இன்னொன்று. கொக்கு மேற்கே வெள்ளையாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் நோட்டில் எழுதியிருக்கிறார்: "குடிசையிலிருந்து பார்த்தால் வெள்ளை மட்டும்தான் தெரியும். முகத்தின் சிவப்பைப் பார்க்க மறைவுக்குப் போக வேண்டும்." நீ குடிசையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய். அவருடைய மறைவுக்கு இந்த வருஷம் ஒரு தடவைகூடப் போகவில்லை, இல்லையா? ஏன்?

இத்துடன் ஒரு வருஷத் தேதி மட்டும் இருக்கிறது.

கௌஹர்


சியாகொலா
பஹ்மன் 2

அண்ணி,

அப்படி எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தை நான் நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் அவரைக் கொல்லவில்லை. இன்னொரு முறை அப்படி எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

போகவில்லைதான். நேற்றுப் போனேன். அண்ணன் உட்காரும் கட்டை அப்படியே இருக்கிறது. கீழே சூரியகாந்தி விதைத் தோல் குவிந்து கிடக்கிறது, அவர் கொறித்துத் துப்பியது. மழையிலும் பனியிலும் ஒரு வருஷம் அது போகாமல் கிடந்திருக்கிறது.

கொக்கு அங்கிருந்து எழுபது தப்படி தூரத்தில் நின்றது. முகச் சிவப்பு தெரிந்தது. கால் சிவப்பு. இறக்கையை ஒருமுறை விரித்தபோது நுனிக் கறுப்பும் தெரிந்தது. அலகைச் சேற்றில் கண்வரை குத்தி ஏதோ கிழங்கைப் பிடுங்கியது, தண்ணீரில் அலசித் தின்றது. அலசாமல் தின்பதில்லை. ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவில் தலையைத் தூக்கிப் பக்கத்தில் பார்த்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி குத்தியது. விடிந்ததிலிருந்து பனி உருகும்வரை இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன இருக்கிறது என்று பதினாலு வருஷம் அண்ணனைக் கேலி பண்ணியிருக்கிறேன்.

மறைவிலிருந்து என் குடிசை தெரிகிறது. இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. புகைக்குழாய் தெரிகிறது, வாசலில் காயப்போட்ட என் தொப்பி தெரிகிறது. வாய்க்காலுக்குள் இறங்கி நின்றும் பார்த்தேன். அப்போதும் தெரிகிறது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. வெள்ளையன் கூண்டுக்குள் இரைகூடத் தொடாமல் கிடக்கிறான்.

ஹெஷ்மத்


செம்னான்
பஹ்மன் 9

ஹெஷ்மத்,

நீ எழுதிய மூன்று கடிதத்திலும் வெள்ளையன் இருக்கிறான். ஏன் என்று யோசித்துக்கொண்டே நேற்று நோட்டின் பின்னட்டையைப் பிரித்தேன். உள்ளே ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. நோட்டு தொடங்கிய வருஷம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. பாதி எழுத்து அவருடையது, பாதி உன்னுடையது. சைகைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன: கழுகுக்கு, நரிக்கு, வேட்டைக்காரன் வந்தால், வரப்பு உடைந்தால். கடைசி வரி உன் கையெழுத்து. "வெள்ளை தனியாக வந்தால், ஆபத்து. வா."

ஒரு வெள்ளை செத்தால் உடனே இன்னொன்றை ஏன் தேடித் தேடி வளர்த்தார் என்று இப்போது தெரிகிறது. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அவர் கூடையில் வெள்ளையனை வைத்துக்கொண்டு போனார். நான்தான் மூடியைக் கட்டிக் கொடுத்தேன். அவரை எடுத்து வந்தபோது கூடை காலியாக இருந்தது. வெள்ளையன் உன் குடிசை வாசலில் நின்றிருந்தான். கதவுப் பலகையில் அவரைத் தூக்கி வரும்போது நான் பார்த்தேன்.

அவன் எப்போது அங்கே வந்தான்?

கௌஹர்


சியாகொலா
பஹ்மன் 14

அண்ணி,

விடிந்து கொஞ்ச நேரத்தில் வந்தான். நான் பார்த்தேன். காலில் நூலையும் பார்த்தேன். தெரியாமல் இல்லை.

எழுதிவிடுகிறேன், குறுக்கே நிறுத்தாமல் படியுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் அவனை அதற்கு முன் இரண்டு முறை அனுப்பியிருந்தார். முதல் முறை நான் பதறிப்போய் ஓடினேன். வரப்பில் வழுக்கி விழுந்து, முழங்கால் பெயர்ந்து, சேறோடு மறைவுக்குள் போய் விழுந்தேன். அவர் கட்டையில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, கையை நீட்டிக் காட்டுகிறார். கொக்கு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ஒன்று குனிகிறது, ஒன்று குதிக்கிறது. அதைப் பார்க்கத்தான் கூப்பிட்டாராம். இரண்டாவது முறையும் அதேதான். அன்று ரோட்டுக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டு அங்கே வைத்துச் சண்டை போட்டேன். "உயிர் போற காரியத்துக்கு வச்ச அடையாளம்ண்ணே இது! கொக்கு ஆடுறதுக்கெல்லாமா ஆளக் கூப்புடுவீங்க? இன்னொரு தடவ அனுப்பிப் பாருங்க, நான் வர மாட்டேன்." அவர் என் தலையில் தட்டினார். "உயிர் இருக்கறப்பதாண்டா இதெல்லாம் பாக்க முடியும்" என்றார்.

பத்தொன்பதாம் தேதி வெள்ளையன் மூன்றாவது முறையாக வந்தான். மறுபடியும் கொக்கா என்றுதான் நினைத்தேன். வலைக்குட்டையில் பச்சைத்தலை இறங்கி அடைத்துக்கொண்டு நின்றது, அந்த வருஷத்தின் பெரிய கூட்டம். மூன்று நாள் நிறுத்தி வைத்த அவமானத்துக்கு அன்று ஒரு நல்ல பிடி காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. வெள்ளையன் என் காலைக் கொத்தினான். நான் காலால் தள்ளிவிட்டேன். வலைக்கயிற்றை இழுத்தேன். வலை விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டேன், அவசரப்படாமல். போகிற வழியில் திட்டுவதற்கு என்னென்ன சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்தேன்.

டாக்டர் என்னிடம் சொன்னதை நான் உங்களிடம் சொல்லவில்லை. ஒரு நொடி இல்லை, அண்ணி. அந்தத் தண்ணீரில் அரைமணி நேரமாவது இருந்திருப்பார் என்று சொன்னார்.

நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். என் பொய் உங்கள் தலையில் இடியாக விழும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு கடிதம் மழுப்பி எழுதினேன். எனக்குப் பயம். நீங்கள் வாயை மூடவைத்து அவர் சாகவில்லை. குர்ஆன்மேல் வைத்த கைக்காகவும் சாகவில்லை. அவர் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்த மாதிரி கூப்பிட்டார். அது வந்து சேர்ந்ததை அந்த வாய்க்காலில் நின்றபடி பார்த்தார். இறங்கி நின்று பார்த்தேன் என்று எழுதினேனே, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இறங்கினேன். வெள்ளையன் என் காலடியில் இறங்கியதையும் நான் குனிந்து பார்த்ததையும் அவர் பார்த்திருக்கிறார். தம்பி பார்த்துவிட்டான், இதோ வருவான் என்று இருந்திருக்கிறார். அதனால்தான் கத்தவில்லை.

நான் வலையை இழுத்ததையும் பார்த்திருப்பார்.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். நோட்டும் வேண்டாம். இன்று காலை வெள்ளையனைத் திறந்துவிட்டேன். மறைவுப் பக்கம் போய்ச் சுற்றிவிட்டுத் தனியாக என்னிடம் வந்தான். நான் எழுந்து அவன் பின்னால் போனேன். தினமும் போகப் போகிறேன்.

ஹெஷ்மத்


சியாகொலா
பஹ்மன் 20

அண்ணி,

நேற்று நீங்கள் வந்தீர்கள். வீட்டுக்கு வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ரோட்டிலிருந்து உங்களுக்குத் தெரியாதது சிலது இங்கே நடந்தது.

அண்ணன் இறந்த வருஷ நாள் என்பதால் இருட்டு விலகும்போதே மறைவுக்குப் போய்விட்டேன். வெள்ளையன் கூடையில் இருந்தான். பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. கொக்கின் தலை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. வாத்துகள் வயல் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அப்போது ரோட்டு மேட்டிலிருந்து குரல் வந்தது.

"யதொல்லா!"

முதலில் எனக்கு யார் என்று புரியவில்லை. நீங்கள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நெகின் அப்பா" என்றுதான் சொல்வீர்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது தெரிந்தது. மூன்றாவது முறை அது பெயராகவே இல்லை, வெறும் அழுகையாக இருந்தது.

இந்தச் சதுப்பு முழுக்க எழுந்தது, அண்ணி. நாற்பது வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. கிளுவை, ஊசிவால், பச்சைத்தலை, வாத்தென்ற பெயருள்ள எல்லாமே எழுந்தன. சத்தம் காதை அடைத்தது, தண்ணீர் மேலே வந்து என் முகத்தில் விழுந்தது. கொக்கும் எழுந்தது. எல்லாம் கடல் பக்கம் போய் மறைந்த பிறகு அது மட்டும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கியது. இறங்கி, பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கிழங்கு தோண்டியது.

குடிசைகளிலிருந்து ஆட்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். கர்பலாயி ஸஃபர் வரப்பில் ஓடி வந்தார். வாயைத் திறந்தார். பிறகு யார் குரல் என்று புரிந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் என்னிடம் வந்து, வழக்கமான குரலில், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "போன வருஷமே அந்தப் பொண்ண அழ விட்டிருக்கணும். நம்ம தப்பு." இன்று இரண்டாவது நாள், வாத்து இன்னும் இறங்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் விட்டுவிட்டுப் போன பொட்டலத்தை டீக்கடை நூருல்லா கொடுத்தான். டீ ஊற்றினானாம், நீங்கள் குடிக்காமல் வந்த மினிபஸ்ஸிலேயே ஏறிவிட்டீர்களாம். பொட்டலத்தில் நோட்டு இருந்தது. அண்ணன் கடைசியாக எழுதியது போன வருஷம் பஹ்மன் பதினெட்டு: "ஜோடி நலம். பனி. நாளைக்குத் தம்பியை எப்படியாவது கூட்டி வந்து காட்ட வேண்டும்." அதன் கீழே உங்கள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: "பஹ்மன் 19. கூப்பிட்டார்."

அந்தப் பக்கத்தை நான் மாற்ற மாட்டேன். அலுவலகத்து ஆளிடமும் அப்படியேதான் கொடுப்பேன். என்ன என்று கேட்டால் சொல்வேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீங்கள் மூன்றாவது முறை கூப்பிட்டு, பறவைகள் எல்லாம் போன பிறகு, சதுப்பில் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது. அப்படி ஒரு நிசப்தத்தில் நான் இருந்ததே இல்லை. அந்தக் கூப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. கூடையைத் திறந்து வெள்ளையனை விட்டுவிட்டேன். வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. பதினைந்து வயதிலிருந்து குளிர்காலத்தில் இங்கே வாயைத் திறந்தவன் இல்லை நான். தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணே! இதோ வர்றேண்ணே!"

மினிபஸ் அப்போது கிளம்பியிருக்காது என்று நூருல்லா சொல்கிறான். உங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஹெஷ்மத்